சமாளிப்புக்கு ஐந்துக்கு ஐந்து

வெள்ளத்துக்கு முன்பே வந்துவிடும் ஓர் உயிரினம் உண்டு. பெயர், வெள்ள அபாய மதிப்பீட்டாளர். மண்டையைப் பிளக்கும் வெயிலில்தான் தென்படுவார். முழங்கால்வரை புத்தம்புது ரப்பர் பூட்ஸ், கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், அதற்குள் நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள், முகத்தில் எப்போதும் ஓர் இரக்கம். பார்த்திருப்பீர்களே?

தெருவுக்குள் நுழைந்ததும் தண்ணீரைப் பற்றிக் கேட்கமாட்டார். வரைபடத்தை நாலு பக்கமும் திருப்பிவிட்டு, "இதுல எதுங்க வடக்கு?" என்பார். வடக்கு கிடைத்துவிட்டால் பாதி ஊரைக் காப்பாற்றிய திருப்தி.

அன்று அவர் தட்டியது ஆற்றோரத்துக் கடைசி வீட்டை. துணி தைக்கும் அக்கா கதவைத் திறந்தார். உள்ளே, செங்கல் அடுக்கி உயர்த்திய கட்டிலில், நடக்கமுடியாத மாமனார்.

"தண்ணி வந்தா என்னம்மா செய்வீங்க?"

"மிஷினைத் தூக்கி மேஜைமேல வைப்பேன். நானும் எதிர்வீட்டு வெல்டர் அண்ணனும் மாமாவைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டு ஓடுவோம். ஆறு தடவை ஓடியாச்சு சார்."

மதிப்பீட்டாளர் உருகிப்போனார். முன் அனுபவம்? ஐந்துக்கு ஐந்து. அண்டை வீட்டார் உதவி? ஐந்துக்கு ஐந்து. தயார்நிலை? செங்கல்லைப் படமெடுத்துக்கொண்டு, அதற்கும் ஐந்து. கூட்டிப் பார்த்த டேப்லெட், 'அபாயம் குறைவு' என்று பச்சை காட்டியது.

"அப்போ இந்தக் கணக்கெடுப்பை வச்சுப் போடப்போற புது வடிகால் எங்க தெருவுக்கு வந்துருமா சார்?"

"உங்களுக்கு என்னம்மா, நீங்க ரொம்ப ஸ்ட்ராங்!"

வடிகால் மேட்டுத் தெருவுக்குப் போனது. அங்கே இதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறியதில்லை. ஆகவே அனுபவம் பூஜ்யம். பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தையும் பூஜ்யம். பரிதாபத்துக்குரிய மக்கள்!

அடுத்த மழையின்போது வெல்டர் வேலைக்காக வெளியூரில் இருந்தார். அக்காவால் மாமனாரைத் தனியாகத் தூக்கமுடியவில்லை. தண்ணீர் கட்டிலைத் தாண்டி ஏற, அக்கா மாமனாரின் தலையை மட்டும் மேலே தாங்கிப் பிடித்தபடி மூன்று மணி நேரம் நின்றார். இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். அதுதான் தப்பாகப் போயிற்று. சேறு காய்ந்ததும் மதிப்பீட்டாளர் மறுபடி வந்தார், கேட்டார், கண் கலங்கினார். "ஒத்தை ஆளாவே சமாளிச்சிட்டீங்களேம்மா!" என்று தயார்நிலைக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டார்.

"அடுத்த தடவை என் கை ஓய்ஞ்சுபோச்சுன்னா சார்?"

அவர் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டில் அந்தக் கேள்வி இல்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்த மழையில் நீங்களும் மாடியில் நின்று, கீழே இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தவர்களைப் படமெடுத்து, 'எவ்வளவு தைரியமான ஜனங்க!' என்று நாலு பேருக்கு அனுப்பினீர்கள். கீழே இறங்கிப்போய் உங்கள் வாசல் கதவை அவர்களுக்குத் திறந்துவிட்டீர்களா என்று மட்டும் சொல்லுங்கள்.