கோச்சி நானாவின் இரண்டு எஞ்சின்கள்

புத்தளம் மாவட்டத்திலேயே ரயிலைப் பற்றிப் பேசத் தகுதியுள்ளவர் ஒருவர்தான். அவர் ஓட்டுவது பாடசாலை வேன்.

பாலாவியில் எங்கள் ஒழுங்கையில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. இங்கே ரயிலுக்குக் 'கோச்சி' என்றும் சொல்வார்கள். ஆகவே அவர் கோச்சி நானா, அதாவது கோச்சி அண்ணன். காலையில் வேன் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டால், "மலிவு எஞ்சின்ல பின்னுக்குள்ள சில்லு மட்டுந்தான் இழுக்கும் தங்கச்சி. விலை கூடினதுல எல்லாச் சில்லும் இழுக்கும்" என்று சக்கரங்களைப் பற்றித்தான் பதில் வரும். நேரத்தை அவருடைய மனைவியிடம்தான் கேட்க வேண்டும்.

கட்டாரில் வேலை செய்யும் தம்பி அனுப்பிய இரண்டு பொம்மை எஞ்சின்கள் அவரிடம் இருந்தன. ஒரே கம்பனி, ஒரே நிறம், ஒரே நீளம். ஒன்று மலிவு வரிசை, மற்றது உயர்ந்த வரிசை. நானாவின் அகராதியில் தேர்ட் கிளாஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ். தம்பி கோச்சி அனுப்புகிறான் என்று அவர் சொன்னதை மனைவி 'கொச்சி', அதாவது மிளகாய், என்று விளங்கிக்கொண்டு, கொச்சிக்காய் போட்டு வைக்கப் பெரிய போத்தல்களைக் கழுவிக் காயவைத்துவிட்டாராம்.

"கட்டார்ல கொச்சிக்காய் காய்க்குதா?" என்று நானா இன்றைக்கும் கேட்பார்.

"உங்கட தம்பி உருப்படியா ஒரு சாமான் அனுப்புவார்ன்டு நெனச்சது என்ட பிழை."

தேர்ட் கிளாஸ் வேனிலேயே கிடக்கும். பிள்ளைகள் அதைக் காலடியில் போட்டு உருட்டினாலும் ஒன்றும் ஆகாது. கைபிடிக் கம்பிகள்கூட உடம்போடு சேர்த்து வார்த்தவை. ஃபர்ஸ்ட் கிளாஸ் அலுமாரிக்குள் இருக்கும். அதில் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகப் பொருத்தியது. ஒருமுறை விருந்தாளி ஒருவர் அதன் முன்னால் தும்மப்போய், எஞ்சினிலிருந்து காணாமல் போன குட்டி ஏணியை வீடு முழுக்கத் தேடி, கடைசியில் அந்த விருந்தாளியின் தாடியிலிருந்து எடுத்தார்களாம். அதற்குப் பிறகு முகக்கவசம் போட்டால்தான் அலுமாரி திறக்கும்.

அப்படிப்பட்டவரிடம் நான் உதவி கேட்டுப் போனேன் என்றால், எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

பாலாவிச் சந்திக்குக் கொஞ்சம் முன்னால் உப்பு லொறி குறுக்கே வந்து, எங்கள் பஸ் போட்ட பிரேக்கில், என் மகள் முன் சீட்டுக் கம்பியில் மோதினாள். நெற்றியில் தையல். காயம் ஆறிவிட்டது, ஆனால் எந்த வாகனத்திலும் ஏறமாட்டேன் என்றாள். பாடசாலை புத்தளம் டவுனில். வாரக்கணக்கில் வீட்டிலேயே கிடந்தாள். பிரேக் சத்தம் கேட்டால் நானே இன்றுவரை எட்டிக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். நான் எந்த வாயால் அவளை வற்புறுத்துவது?

நானா வந்தார். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்வார் என்று பார்த்தால், எங்கள் வீட்டு மண்டபத்தில் பொம்மைத் தண்டவாளத்தை விரித்துத் தன் வழக்கமான விரிவுரையைத் தொடங்கிவிட்டார். மகள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள்.

தேர்ட் கிளாஸின் கூரையில் ஒரு கடலைப் பருப்பை வைத்து ஓடவிட்டு, சுவிட்சை நிறுத்தினார். எஞ்சின் டக்கென்று நின்றது. பருப்பு பறந்து கதிரைக்குக் கீழே போனது. திரைச்சீலை நடுங்கியது. நான் எழுந்தே விட்டேன்.

"இருங்க தங்கச்சி. இப்ப மத்ததப் பாருங்க."

ஃபர்ஸ்ட் கிளாஸ் புறப்பட்டது. சுவிட்சை நிறுத்திய பிறகும் அது தன்பாட்டில் கொஞ்சத் தூரம் போய், மெல்ல மெல்ல ஓய்ந்து நின்றது. பருப்பு வைத்த இடத்திலேயே இருந்தது.

"உள்ளுக்க கனமான சில்லு ஒன்டு சுத்திக்கிட்டே ஈக்கிது. அதான் அவசரப்படாது. காசு முழுக்க அதுக்குத்தான்."

"இன்னொருக்கா விடுங்கோ அங்கிள்," என்றாள் மகள். அவள் வெளியே வந்ததை நான் கவனிக்கவே இல்லை.

பல தடவை விட்டார். பிறகு அவள் கேட்டாள்: "உங்கட வேன் எந்தக் கிளாஸ்?"

ஒரு பொய் சொன்னால் காரியம் முடிந்துவிடும். ஆனால் இந்த விடயத்தில் அவருக்குப் பொய் வராது. தாடியைத் தடவி யோசித்தார்.

"சாமான் தேர்ட் கிளாஸ்தான் மகள். ஃபர்ஸ்ட் கிளாஸ் மாதிரி ஓட்டலாம். முன்னுக்குப் பருப்ப வெச்சிட்டு நீங்களே பாத்துக்கிட்டு வாங்க. விழுந்தா அந்த எடத்துலயே நிப்பாட்டி எறக்கி உட்டுர்ரன்."

மறுநாள் அவள் ஏறினாள். பக்கத்தில் நானும் ஏறினேன். சைக்கிள்கள் எங்களை முந்தின. பிறகு கழுதைகளும் முந்தின. பாடசாலை வாசலில் நிற்பதற்கு நானா டவுன் எல்லையிலேயே வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிட்டார். வேனிலிருந்த அத்தனை பிள்ளைகளும் பருப்புக்குக் காவல்.

அந்த வாரமே அதிபர் வாசலில் பிடித்துக்கொண்டார். "என்ன நானா, புள்ளைகள் ரெண்டாம் பாடத்துக்குத்தானே வாராங்க?"

"ஓம் சேர்," என்றார் நானா பெருமையாக. "ஒரு நாளும் விழல்ல."

இப்போது மகள் தனியாகத்தான் போய்வருகிறாள். பின்னேரத்தில் மற்றத் தாய்மார் வேனைக் காணவில்லை என்று வாசலில் நின்று நானாவைத் திட்டுவார்கள். நான் உள்ளே போய் அவருக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றி வைப்பேன். எப்படியும் ஆறிப்போகும். ஆறுவதற்கு முன் வேன் வந்து நின்றால், "ஏன் நானா இவ்வளவு அவசரம்?" என்று அன்றைக்கு நான்தான் சண்டை பிடிப்பேன்.