‘நாட்’ நிற்க வேண்டிய இடம்

கூடுவாஞ்சேரியில் பரிதாவின் தையல் கடை வாசலில் மழைநீர் வடிகாலுக்காகக் குழி தோண்டினார்கள். தோண்டியதோடு கடமை முடிந்தது. ஜாக்கெட் வாங்க வந்த அங்காளம்மாள் அதில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டதும், பரிதா நேராக நகராட்சிப் பொறியாளர் தட்சிணாமூர்த்தி முன் போய் நின்றாள்.

“குழியை மூடுங்க சார்.”

“மூட நிதி இல்லம்மா. போர்டு வைக்க இருக்கு.”

அவர் அப்போதுதான் கேளம்பாக்கத்தில் ஆங்கிலப் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார். தமிழில் எச்சரித்தால் தெருவின் தரம் தாழ்ந்துவிடும் என்பது அன்னாரின் மேலான கருத்து. பொதுமக்கள் விழ வேண்டாமெனக் கேட்டுக்கொள்ளப்படுவதை ஆங்கிலத்தில் எழுதி, ‘நாட் டு ஃபால்’ என்று முடித்தார்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் வெற்றிவேலுக்கு ரத்தம் கொதித்தது.

“அமெரிக்காவுல என் பையன் ‘டு நாட் ஃபால்’னுதான் சார் சொல்றான். ‘நாட்’ முன்னாடி வர்றதெல்லாம் பழைய ஃபேஷன்!”

உடனே குழு அமைக்கப்பட்டது. கல்லூரி ஆங்கிலப் பேராசிரியை தேவதர்ஷினியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

“முதல்ல சொன்னதுதான் வழக்கம். ரெண்டாவதும் தப்பில்ல” என்றார்.

இரு தரப்புக்கும் அவர்மேல் மனத்தாங்கல். இரண்டும் சரியென்றால் குழு எதற்கு?

“இன்னா சார், இன்னிக்கும் ஒரு ஸ்கூட்டர் உள்ள போச்சு” என்று குழு கூடிய அறை வாசலில் நின்று கத்தினாள் பரிதா. மொழி தெரியாதவர்கள் குறுக்கிட வேண்டாம் என்று பதில் வந்தது.

கடைசியில் இரு தரப்பு மாண்பும் காக்கப்பட்டது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று: ‘நாட் டு நாட் ஃபால்.’

தேவதர்ஷினி பதறினார். “விழாம இருக்காதீங்கன்னு ஆயிடுச்சே சார்! எல்லாரும் விழணும்னு அர்த்தம்!”

“தீர்மானம் ஏகமனதா நிறைவேறிடுச்சு மேடம்” என்றார் தட்சிணாமூர்த்தி.

பலகையைப் படமெடுக்கப் பின்னால் நகர்ந்த வெற்றிவேல் குழிக்குள் போனார். நஷ்டஈடு கேட்டார். அறிவிப்புக்குக் கீழ்ப்படிந்து விழுந்தவருக்கு நஷ்டம் ஏதுமில்லை என்று மறுத்தார்கள். அங்காளம்மாளுக்காகப் பரிதா கேட்டாள். பலகை வருமுன் அனுமதியின்றி விழுந்தவர் என்று அதையும் மறுத்தார்கள்.

பரிதாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டுப் பக்கத்துத் தெருவுக்குப் போய் ஆள் திரட்டினாள். அங்கேயும் மூடாத குழி உண்டு. கூட்டமே சேர்ந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“எல்லாரும் ஆபீசுக்கு வர்றீங்களா?”

“வராம இன்னாக்கா?” என்றார் சின்னப்பன். “உங்க தெருவுக்கு மட்டும் இங்கிலீஷ் போர்டு. நாங்க எத்தினி நாளு தமிழ்லயே விழுந்துகினு கெடக்கறது?”