நூற்றுக்கு இரண்டு வாங்கிய நோயாளி

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். என் இடது முழங்கால் மட்டும் இந்த வாக்கியத்தில் சேராது.

போன வாரம் ஃபோனில் கேட்டாய்: "புத்துநோயிலேர்ந்து பொழச்சவங்களுக்கு மனசு வளரும்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு முடிகூட வளரலையேண்ணா. நான் எதாவது தப்புப் பண்றேனா?" கேட்டுவிட்டு அழுதாய். அன்றிலிருந்து நீ அறைக் கதவைத் திறப்பதில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். எனக்கு உதாரணம் இல்லாமல் பதில் சொல்ல வராது என்பது உனக்குத் தெரியும். இந்த முறை உதாரணம் நானேதான்.

நான்கு வருடத்துக்கு முன் என் குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்ததும் மருத்துவமனை ஆலோசகர் அம்மா ஒரு படிவம் கொடுத்தார். 'வாழ்க்கையின் அருமை தெரிகிறது', 'பொறுமை கூடியிருக்கிறது' என்று இருபது வரிகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் ஐந்து வரை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். "இது பரீட்சை இல்ல சார்" என்று அவர் மூன்று தடவை சொன்னார். கேட்கிற ஆளா நான்? வீட்டுக்கு வந்து, அளவுகோல் வைத்து ஓரக்கோடு போட்டு, எல்லா வரிக்கும் ஐந்து போட்டு, கூடுதல் தாளில் எடுத்துக்காட்டுகளும் எழுதி, நூல் கோத்துக் கட்டினேன். 'தினமும் சூரிய உதயம் கண்டு நெகிழ்கிறேன்' என்றுகூட ஒரு வரி. அந்த நேரத்தில் நான் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன் என்பது வேறு விஷயம்.

பெருமையாக உன் அண்ணியிடம் நீட்டினேன். அவளும் என்னைப் போலவே முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்தியவள் என்பதை மறந்துவிட்டேன். சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

"பொறுமைக்கு அஞ்சா? காலைல பால்காரர்ட்ட கத்துனது யாரு?"

"பால் தண்ணியா இருந்துச்சு."

"பூஜ்யம். சின்னச் சின்ன விஷயத்துல சந்தோஷமா? காப்பி ஆறிப்போச்சுன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டது?"

பத்தொன்பது வரிகளுக்கும் பூஜ்யம் விழுந்தது. கடைசி வரி, 'பிறரிடம் உதவி கேட்க முடிகிறது'. அங்கே பேனா நின்றது. மருந்து ஏற்றிய நாட்களில் என் விரல்கள் மரத்துப்போயிருக்கும். ஒருநாள் ஒரே ஒரு சட்டைப் பொத்தானோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, "கொஞ்சம் போட்டு விடேன்" என்றேன். அதுவரை அவளிடம் உத்தரவு போட்டிருக்கிறேனே தவிர, கேட்டதில்லை.

இரண்டு போட்டாள்.

"ரெண்டுதானா?"

"அதுவே கருணை மதிப்பெண்."

ஆக, நூற்றுக்கு இரண்டு வாங்கிய நான் நான்கு வருடமாக நன்றாகத்தான் சாப்பிட்டுத் தூங்குகிறேன். கொஞ்சமும் மாறவில்லை. நீயும் மாற வேண்டாம். எரிச்சல் வந்தால் எரிந்து விழு. உனக்கு நல்ல பசியும், மாப்பிள்ளைக்கு நல்ல காதும் வாய்க்க என் ஆசீர்வாதம்.

அன்புடன்,
அண்ணன்

பின்குறிப்பு: அண்ணி எழுதறேன். உங்கண்ணன் மாறலைங்கறது சுத்தப் பொய். வியாழக்கிழமை தவறாம ஆஸ்பத்திரிக்குப் போயி, புதுசா மருந்து ஏத்திக்க வர்றவங்க பக்கத்துல ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வர்றார். வாயே தெறக்கறதில்லையாம், உங்கண்ணன்! இதை அவரு எந்தப் படிவத்துலயும் எழுதல, அவருக்கு இது ஒரு விஷயமாவே தெரியல. உனக்கும் எதுவும் இப்பத் தெரிய வேண்டாம். இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணு: உன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "இந்தத் தலகாணியக் கொஞ்சம் ஒசத்தி வைங்க"ன்னு கேளு.