திமிங்கிலப் பொருத்தனை

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் அந்தோணிராஜுக்குப் பீடிதான் மூத்த சம்சாரம். ஞானகுமாரி இளையவள். சாயங்கால ஜெபமாலையில் அவள் ஒரு 'அருள்நிறைந்த மரியே' சொல்லி முடிப்பதற்குள் அவர் நாலு தடவை இருமுவார். அவளும் கெஞ்சிப் பார்த்துவிட்டாள். டாக்டரும் மிரட்டிப் பார்த்துவிட்டார். மனுஷன் அசையவில்லை.

ஒருநாள் அவள் அழுதேவிட்டாள். அவள் அழுதால் அந்தோணிராஜால் தாங்க முடியாது. பீடி இல்லாவிட்டாலும் தாங்க முடியாது. யோசித்தார். மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, கணீரென்று பொருத்தனை செய்தார்.

"மாதாவே! என் பொண்டாட்டி என்னிக்குத் தன் கண்ணால திமிங்கிலத்தப் பாக்குறாளோ, அன்னியோட பீடிய உட்டுடறேன். டிவியில பாத்தா செல்லாது. கடல்ல பாக்கணும்!"

அவர்கள் குடியிருந்த மேனாம்பேட்டில் எருமை உண்டு. திமிங்கிலம் ஏது? நிம்மதியாக ஒரு பீடியைப் பற்றவைத்தார்.

ஞானகுமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காசிமேட்டுல எங்க சித்தி புள்ள ஜேம்ஸு போட் வச்சிகினு கீறான். இப்போ அந்தாண்ட திமிங்கிலம் வந்து வந்து போவுதாம். ஞாயித்துக்கெழம பூசை முடிச்சிட்டுப் போலாம்."

பீடி கைதவறி லுங்கியில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை போட் கிளம்பும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. கொஞ்ச தூரம் போனதும் மேகம் மூடிக்கொண்டது. அந்தோணிராஜ் பக்தியோடு மழையை வேண்டிக்கொண்டார். கொட்டோ கொட்டென்று கொட்டினால் திமிங்கிலமாவது ஒண்ணாவது!

"மானம் கருக்குது. திரும்பிடலாமே குமாரி."

"மழ தானே? நீ இன்னா உப்பா, கரைஞ்சு போவ?"

"எனுக்கு வாந்தி வருது."

"எலுமிச்சம்பயம் கொண்டாந்துகீறேன். மோந்துக்கோ."

"மச்சான், நீயாவது சொல்லுடா!"

"அக்கா சொன்னா சொன்னதுதான் மாமா," என்றான் ஜேம்ஸ்.

மழை பிடித்துக்கொண்டது. போட் தூளியாட்டம் ஆடியது. அந்தோணிராஜ் முழங்காலுக்கு நடுவில் தலையைப் புதைத்துக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்து அழுத்தியபடி கிடந்தார்.

முதுகில் வெயில் சுட்டபோதுதான் தலையைத் தூக்கினார். மழை போன இடம் தெரியவில்லை. ஞானகுமாரி முக்காடு போட்டு, கண்ணை இறுக மூடி, முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஜேம்ஸ் குனிந்து எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

அப்போது பக்கத்திலேயே கடல் பிளந்தது. கரேலென்று ஒரு முதுகு எழுந்தது, எழுந்தது, முடியவே இல்லை. புஸ்ஸென்று பனைமர உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சியது.

அந்தோணிராஜின் வாய் திறந்தது. உடனே பொருத்தனை ஞாபகம் வந்து, வாய் மூடியது. அவள் பார்த்தால்தானே வம்பு? அவள் கண்தான் மூடியிருக்கிறதே! சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். ஆயுசுக்கும் பீடி.

அந்த முதுகு மறுபடி மெல்ல எழுந்தது. வெயிலில் பளபளத்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு மசால்வடையைக்கூட அவளுக்குப் பாதி பிட்டுத் தராமல் தின்றதில்லை. இவ்வளவு பெரிய அதிசயத்தை எப்படித் தனியாகப் பார்ப்பது?

"குமாரி! கண்ணத் தொற! தோ பாருமே, பாரு!"

தோளைப் பிடித்து உலுக்கினார். அவள் பார்த்தாள். பெரிய வால் ஒன்று எழுந்து, தண்ணீரை ஓங்கி அறைந்துவிட்டு உள்ளே போனது. ரெண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் அந்தோணிராஜ் பெருமூச்சு விட்டார். பிளாஸ்டிக் கவரில் நனையாமல் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்த பீடிக்கட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"போச்சு, எல்லாம் போச்சு. ஆனா நான் மட்டும் கூப்புடலன்னா நீ அதப் பாத்தே இருக்க மாட்டமே."

ஞானகுமாரி பீடிக்கட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, அவருடைய ஈரத்தலையை முந்தானையால் துவட்டினாள்.

"மொதல்ல பாத்ததே நாந்தான்யா. நீ கூப்புடறியா இல்லியான்னு பாக்கத்தான் கண்ண மூடிகினேன்."