பதினோரு பல்லுச் சக்கரமும் பத்து மணித் தேத்தண்ணியும்

ஏழு கடலும் தாண்ட வேண்டாம், ஏழு மலையும் தாண்ட வேண்டாம். பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறி, வயிற்றைப் புரட்டும் அத்தனை வளைவையும் தாண்டினால் போதும். அங்கே ஒரே ஒரு தோட்டம். அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஒரே ஒரு நீட்டு லயம், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு. அந்த லயத்தின் கடைசிக் காம்பராவில் யோகேஸ்வரன் என்று ஒரு ராசா இருந்தான். காலையில் மட்டும்தான் ராசா. பகல் ரெண்டு மணிக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் மெஷின் பழுது பார்க்கப் போய்விடுவான்.

ராசாவுக்கு ஒரே ஒரு குறை. அதன் பெயர் பத்து மணி.

மலையில் கொழுந்து பறிக்கும் பெண்சாதி ஜெயந்தினிக்குப் பத்து மணிக்குத் தேத்தண்ணியும் ரொட்டியும் கொண்டுபோக வேண்டும். எட்டாம் நம்பர் மலை லயத்துக்கு நேர் எதிரே நிற்கிறது. பார்த்தால் கைக்கெட்டும் தூரம். ஏறினால்தான் காலுக்குத் தெரியும். வழியெல்லாம் பாறை. பாறை இல்லாத இடமெல்லாம் ரத்தம் குடிக்கும் அட்டை.

ஒருநாள் கெண்டைக்காலில் ஏழு அட்டையோடு திரும்பிய யோகேஸ்வரன், அன்று அந்தியில் சபதம் போட்டான்.

"இனிமே இந்தக் காலு அந்த மலைய மிதிக்காது!"

"அப்ப கையால நடந்து வாங்க" என்றாள் ஜெயந்தினி.

அந்த வாரமே ஹட்டனுக்குப் போய் ஒரு பழைய ரிமோட் லொறியோடு வந்தான். முழங்கை நீளம். பாறை ஏறவென்றே செய்தது. ரிமோட்டைத் தட்டியதும் அது முதல் பாறையில் முன்னங்கால் வைத்தது, யோசித்தது, மல்லாந்து விழுந்து நாலு சக்கரத்தையும் ஆகாயத்தில் சுற்றியது.

"சாமி கும்புடுதா?" என்று கேட்டாள் பக்கத்துக் காம்பரா பேச்சியம்மா. ஜெயந்தினியோடு ஒரே நிரையில் கொழுந்தெடுக்கிறவள்.

யோகேஸ்வரனுக்கு ரோசம் வந்துவிட்டது. பஸ் கராஜில் ஈயக்கட்டி வாங்கி முன்சக்கரத்துக்குள் ஒட்டினான். மூக்கு கனத்தால் லொறி மல்லாந்து விழாது. பாறையைக் கவ்வுகிற மெத்து டயர் போட்டான். லொறியின் தலைக்கு மேலே ஜெயந்தினியின் சவர்க்காரக் கூடையைக் கட்டினான், பிளாஸ்க்கை வைக்க. கடைசியாக மோட்டர் முனையில் இருந்த சின்னப் பல்லுச்சக்கரத்தைக் கழற்றி, அதைவிடச் சின்னதாக ஒன்றைப் பூட்டினான். சுண்டுவிரல் நகத்தளவு.

"பாரு புள்ள, இதுக்குப் பதினோரு பல்லு. பல்லு கொறைஞ்சா வேகம் கொறையும், ஏத்தத்துல வலு கூடும்."

"ம்."

"வெளங்குச்சா?"

"என் சவர்க்காரக் கூடைய எப்பத் தருவீங்க?"

மறுநாள் ஒன்பதரைக்கு லொறி புறப்பட்டது. வாசலில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு ராசா உட்கார்ந்தான். பெருவிரலால் ஓட்டினான். தண்ணி ஓடும் கானுக்குள் இறங்கியது, பாறையைக் கட்டிப்பிடித்தது, உறுமியது, ஏறியது. பத்து மணிக்கு எட்டாம் நம்பர் மலையிலிருந்து இருபது பொம்பளைகள் போட்ட கூச்சலில் ஸ்டோர் சங்கே வெட்கப்பட்டிருக்கும். யோகேஸ்வரன் தன் இரண்டு கால்களையும் நீட்டி, ஆசையாகத் தடவிக்கொடுத்தான்.

லொறி திரும்பி வந்தது. கூடையில் காலிப் பிளாஸ்க்கோடு ஒரு துண்டுச் சீட்டு.

தோட்டத்தில் ஆபீசிலிருந்து துண்டு வந்தால் அது கட்டளை. எதிர்த்துப் பேச முடியாது. பேச அங்கே ஆள் நிற்காது. இந்தத் துண்டில் ஜெயந்தினியின் எழுத்து: 'வெறகு கொத்தவும்.'

மறுநாள்: 'பீலித் தண்ணிக்குப் போய்ப் போர்வை அலசவும்.' அதற்கு மறுநாள் வேறு எழுத்தில் இரண்டாவது துண்டு: 'தம்பி, எங்கூட்டுக் கோழிய அடச்சு வைக்கவும். பேச்சியம்மா.' வாரக் கடைசியில் துண்டுகள் கூடையை விட்டு வழிந்தன. முன்பெல்லாம் பத்து மணிக்கு மலை ஏறி இறங்கினால் அன்றைய கடமை முடிந்தது. இப்போது பத்து மணிக்குத்தான் ஆரம்பித்தது.

ஆறாம் நாள் காலை ராசா ரகசியமாக யோசித்தான். ஏழு அட்டையா, பதினேழு துண்டா? அட்டை படிப்பு வாசனை இல்லாதது, எழுதாது.

பதினோரு பல்லுச் சக்கரத்தைக் கழற்றினான். யாரும் தேடாத இடமாகப் பார்த்துக் கோதுமை மா டின்னுக்குள் அழுத்தினான். ரொட்டியைத் தின்று மட்டுமே பழகியவன் அவன். அந்த டின்னை வருசத்துக்கு ஒருமுறை, தீவாளிக்குத்தான் திறப்பார்கள் என்று நினைத்தான் போல.

பத்து மணிக்கு நொண்டாத குறையாக மலை ஏறினான்.

"லொறி எங்கங்க?"

"மோட்டர் எரிஞ்சிருச்சு. இனி ஒன்னுஞ் செய்ய ஏலாது." முகத்தை எழவு வீட்டுக்குப் போகிற மாதிரி வைத்துக்கொண்டான்.

"அடடா" என்றாள் ஜெயந்தினி. அவ்வளவுதான்.

அடுத்த நாளும் ஏறினான். அன்று அவள் என்றுமில்லாத பிரியமாக, "மூச்சு வாங்குதே, ஒக்காருங்க" என்று ஒரு ரொட்டியை எடுத்து நீட்டினாள். "இத நீங்க சாப்புடுங்க. ஒங்களுக்குன்னே சுட்டேன்."

இருபது பொம்பளைகளும் தேத்தண்ணி குடிப்பதை நிறுத்தினார்கள். அதை அவன் கவனிக்கவில்லை. அகலமாகக் கடித்தான்.

கடக்!

"என்னாங்க, கல்லா?"

"ம்... கல்லு."

"துப்புங்க பாப்போம்."

"சின்னக் கல்லுதான். அப்புடியே இருக்கட்டும்."

"துப்புங்க தம்பி" என்றாள் பேச்சியம்மா. "முழுங்கிட்டா அப்புறம் எடுக்க ரெண்டு நாளாகும்."

துப்பினான். உள்ளங்கையில் எச்சிலும் தேங்காய்ப்பூவுமாக அது மினுங்கியது. ஜெயந்தினி குனிந்து பார்த்தாள்.

"எண்ணிப் பாருங்க. பதினொன்னு இருக்கணும். ஏத்தத்துக்கு வலு கூடும்னு சொன்னீங்களே."

தேயிலைச் செடிகூடச் சிரித்திருக்கும். கங்காணி தூரத்திலிருந்து கத்தினார். பொம்பளைகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒவ்வொருத்தியாக நிரைக்குள் போனார்கள். ஜெயந்தினி கடைசியாக எழுந்தாள். காலிப் பிளாஸ்க்கை அவன் கையில் கொடுத்தாள். நாலாக மடித்த ஒரு துண்டைச் சட்டைப் பையில் செருகினாள். திரும்பிப் பார்க்காமல் கொழுந்துக்குள் மறைந்தாள்.

யோகேஸ்வரன் பிரித்தான். மடிப்புக்குள்ளே கோதுமை மா ஒட்டியிருந்தது. விடியக்காலம் ரொட்டி தட்டும்போதே எழுதி வைத்தது.

'கழுவிப் பூட்டவும். மற்ற துண்டெல்லாம் லொறியில் வரும்.'

அவன் வாயைத் துடைத்துக்கொண்டு, அட்டை ஏறிய காலோடு கீழே நடந்தான்.