நாலு சக்கரமும் ஏழு டஜன் வளையலும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பொருளை வாங்குவதற்கு முன்பும் அதைப் பற்றிப் படித்துப் படித்து, வாங்கி முடிப்பதற்குள் அதைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்ற நினைப்புக்கு வந்துவிடுவேன். மிக்ஸி வாங்கியபோது இது வீட்டோடு போயிற்று. கார் வாங்கியபோது நியூ ஜெர்சியின் ஒரு மலைச்சரிவு முழுக்கத் தெரிந்துவிட்டது.

வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் வீட்டில் இரண்டு கார். ஒன்று என் மனைவி கல்யாணியுடையது. வயதான செடான், முன்சக்கரம் இரண்டு மட்டும் இழுக்கும். கல்யாணி குன்னூர்க்காரி, ஆஸ்பத்திரியில் மூச்சுச் சிகிச்சைப் பிரிவில் வேலை. வெளியே பனி கொட்டினாலும் சரி, அவள் காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பியாக வேண்டும். நான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரைத் தட்டுகிறவன். பனி கொட்டினால் ஜன்னலோரம் காபியோடு நின்று, “அடடா, என்ன அழகு!” என்பேன். இந்த இருவரில் பனியில் கார் ஓட்டுவதைப் பற்றி யார் யாருக்கு வகுப்பு எடுத்தது என்று நினைக்கிறீர்கள்? (கரெக்ட். நான்தான்.)

என் கார் மண்டையைப் போட்டதும் டூ வீல் டிரைவா, ஃபோர் வீல் டிரைவா என்ற ஆராய்ச்சியில் இறங்கினேன். எக்செல் போட்டேன். அதில் கலர் அடித்தேன். ராத்திரி பகல் பாராமல் வீடியோ பார்த்தேன். அலாஸ்காவில் ஒருவர் உறைந்த ஏரிமேல் வண்டி ஓட்டியதைப் பார்த்துவிட்டு, நம் தெருவுக்கும் அது தேவைதான் என்று முடிவு செய்தேன். கடைசியில் நாலு சக்கரமும் இழுக்கும் பெரிய வண்டி ஒன்றை வாங்கியே விட்டேன். வாங்கியதோடு நிற்காமல் செந்திலையும் அதே வண்டியை, அதே கலரில் வாங்க வைத்தேன். செந்தில் மதுரைப் பையன், என் பழைய ஆபீஸ் தோழன், நான் சொன்னால் அப்படியே கேட்பான். பாவம்.

கல்யாணி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“நீங்க எதை வேணா வாங்குங்க. கூடவே விண்டர் டயர் நாலு போட்டுடுங்க.”

“நாலு சக்கரமும் இழுக்கற வண்டிக்கு எதுக்கு தனி டயர்?”

“குளிர்ல சாதா டயர் ரப்பர் கெட்டியாயிடும்ங்க. பிடிப்பு இருக்காது.”

“நாலு சக்கரம் கல்யாணி! நாலும் இழுக்கும்!”

“இழுக்கும், சரி. நிக்குமா?”

எக்செல்லில் அப்படி ஒரு கட்டமே இல்லை. ஆகவே நான் அந்தக் கேள்வியைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வருடா வருடம் நவம்பரில் அவள் தன் காருக்குக் குளிர்கால டயர் மாற்றிக்கொண்டு வருவதை, “டயருக்கு ஸ்வெட்டர் போட்டாச்சா?” என்று கிண்டல் செய்வது என் வழக்கம். அந்த வருடமும் செய்தேன். கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்டபோது குருக்களிடமே ஃபோர் வீல் டிரைவை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நாலு எலுமிச்சம்பழமும் நன்னா நசுங்கிடுத்து, பேஷா போயிட்டு வாங்கோ” என்று ஆசீர்வதித்தார். போயிட்டு வா என்றுதான் அவரும் சொன்னார். நிற்பதைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரியில் செந்திலின் மனைவி யாமினிக்கு வளைகாப்பு வைத்தார்கள். யாமினியின் அம்மா, அப்பாவுக்கு விசா கிடைக்கவில்லை. அந்தப் பெண் ஒரு வாரம் அழுதாள். கடைசியில் அவள் அம்மா மதுரையில் தானே கடைகடையாக ஏறி இறங்கி ஏழு டஜன் கண்ணாடி வளையல் பொறுக்கி, டஜன் டஜனாகப் பழைய புடவைத் துணியில் சுற்றி, ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி, எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்த ஒரு ஆன்ட்டியிடம் கொடுத்து அனுப்பினார். டின் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று யாமினி போன் செய்தாள்.

“அக்கா, அம்மா வர முடியலை, அவங்க வளையலாவது என் கைக்கு வரணும். ஒண்ணு கூட உடையக் கூடாதுக்கா. ஞாயித்துக்கிழமை பன்னெண்டுக்கு எமகண்டம். அதுக்குள்ள போட்டுடணும். அம்மா வீடியோல பார்த்துக்கிட்டே இருப்பாங்க.”

“நான் கொண்டு வரேன், நீ கவலைப்படாத,” என்றாள் கல்யாணி.

சனிக்கிழமை ராத்திரி பனி கொட்டியது. ஞாயிறு காலை கல்யாணிக்கு அவசரமாக அரை நாள் டியூட்டி. அங்கிருந்து நேராக வளைகாப்புக்கு வருவதாகவும், டின்னைத் தன் காரிலேயே எடுத்துப் போய்விடுவதாகவும் சொன்னாள். நான் அந்த டின்னைப் பிடுங்கினேன்.

“இந்தப் பனில டூ வீல் டிரைவ்ல கண்ணாடி வளையலா? விளையாடறியா? என் வண்டியில வரட்டும்.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். டியூட்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. “மெதுவா போங்க. மலை இறங்கும்போது பிரேக்கை அழுத்தாதீங்க, கியரைக் குறைங்க,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பத்து மணிக்கு நான் பட்டு வேட்டி, அதன்மேல் ஜாக்கெட், காலில் தோல் செருப்பு சகிதம் கிளம்பினேன். (கார்தானே, உள்ளே ஹீட்டர் இருக்கே என்ற தைரியம்.) பின் சீட்டில் என் பத்து வயது மகள் நிலா, மடியில் பிஸ்கட் டின். அதற்குப் பின்னால் புளியோதரை ஒரு ட்ரே, தயிர்சாதம் ஒரு ட்ரே, கல்யாணி வந்து மாற்றிக்கொள்ள அவளுடைய மாம்பழக் கலர் பட்டுப்புடவை ஒரு பையில்.

செந்தில் வீடு வடக்கே மலைப்பக்கம். ஏற்றத்தில் ஒரு சின்னக் கார் ஏற முடியாமல் முக்கிக்கொண்டிருந்தது. நான் ஜம்மென்று அதைத் தாண்டி ஏறினேன். தாண்டும்போது ஜன்னலை இறக்கி அந்த மனிதருக்கு அனுதாபமாகக் கையும் காட்டினேன்.

“பாத்தியா நிலா? நாலு சக்கரம்!”

“ஓகே அப்பா,” என்றாள் நிலா, டின்னை இறுக்கிக்கொண்டு.

உச்சி வந்தது. உச்சிக்கு அந்தப் பக்கம் இறக்கம். இறக்கத்தின் பாதியில் செந்தில் வீடு, வாசலில் மாவிலைத் தோரணம், பெரிய கண்ணாடி ஜன்னல், அதற்குப் பின்னால் பட்டுப்புடவைகள். செந்தில் வாசலில் நின்று கையாட்டினான். நான் பிரேக்கை அழுத்தினேன். கியரைப் பற்றி யாரோ என்னவோ சொன்னது ஞாபகம் வரவில்லை.

காலுக்கடியில் பிரேக் கடகடவென்று நடுங்கியது. வண்டி நிற்கவில்லை. வேகமாகவும் போகவில்லை. அதுதான் கொடுமை. கோயில் தேர் மாதிரி நிதானமாக, எல்லோரும் தரிசனம் செய்யும் வேகத்தில், செந்தில் வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

“அப்பா, ஆர் வி நாட் ஸ்டாப்பிங்?”

“நிக்கறோம், நிக்கறோம்!”

“வி ஜஸ்ட் பாஸ்ட் தெம்.”

ஜன்னலில் இருந்த பெண்கள் நான் ஏதோ வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்துக் கையாட்டினார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் ஒரு கையைத் தூக்கி ஆட்டினேன். (சத்தியமாக ஆட்டினேன். நிலா சாட்சி.) தெரு முடிவில் பனி வாரும் வண்டி குவித்து வைத்திருந்த மலைக்குள் என் வண்டி மூக்கை நுழைத்துக்கொண்டு ஒரு வழியாக நின்றது. பின்னாலிருந்து சளக் என்று ஒரு சத்தம். தயிர்சாதம் புடவைப் பைக்குள் குடியேறிவிட்டது.

ரிவர்ஸ் போட்டேன். நாலு சக்கரமும் ஒற்றுமையாகச் சுற்றின. நாலும் சேர்ந்து நாலு குழி தோண்டின. மணி பதினொன்று இருபது. செந்தில் போன் செய்தான்.

“அண்ணே, நான் என் வண்டியை எடுத்துட்டு வரட்டுமா?”

“வேண்டாம்டா டேய்! நீயும் அதே வண்டிதானே வெச்சிருக்க!”

“அட, ஆமாண்ணே!” என்றான் செந்தில். அவனுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பின்னால் யாமினியின் குரல் கேட்டது: “வளையல் உடைஞ்சிருச்சாண்ணே?” அழுகிற குரல். அதுவரை என் மானம்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணுக்குத் தாய்வீட்டிலிருந்து வந்த ஒரே பொருள் அந்த டின். அதை என் பெருமைக்காக வாங்கி வைத்துக்கொண்டவன் நான்.

நடந்தே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது என்று, நிலாவை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு டின்னோடு இறங்கினேன். பட்டு வேட்டி, தோல் செருப்பு, கண்ணாடி மாதிரி உறைந்த மேட்டுத் தெரு. மூன்றாவது அடியில் இரண்டு காலும் என்னைவிட்டுப் பிரிந்தன. தொப்பென்று உட்கார்ந்தேன். ஆனால் டின்னை மட்டும் இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துவிட்டேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். எழுந்திருக்கப் பார்த்தேன், மறுபடியும் உட்கார்ந்தேன். அதன்பிறகு அப்படியே இருந்துவிட்டேன்.

மணி பதினொன்று நாற்பது. உச்சியில் ஒரு பழைய செடான் தெரிந்தது.

அந்தக் கார் இறங்கியதை நான் பனியில் உட்கார்ந்தபடியே முழுக்கப் பார்த்தேன். அதில் அவசரமும் இல்லை, ஆர்ப்பாட்டமும் இல்லை. எஞ்சின் தாழ்ந்த குரலில் உறுமிக்கொண்டு, ஒரே வேகத்தில், கோடு போட்டது போல இறங்கி, என்னிடமிருந்து பத்தடியில் பூப்போல நின்றது. எட்டு வருடமாக நான் தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் இவள் இதைத்தான் செய்துகொண்டிருந்தாளா! எனக்கு அப்போது எழுந்து கைதட்ட வேண்டும் போலிருந்தது. எழுந்திருக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரி நீலச் சட்டையோடு கல்யாணி இறங்கி வந்தாள். “அடி பட்டுச்சாங்க?” என்றாள். இல்லை என்றேன். என் கையைப் பிடித்துத் தூக்கினாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நிலாவையும் கூட்டிக்கொண்டு அவள் காரில் ஏறியதும் என் வியாதி மறுபடி தலைதூக்கியது.

“இது ஏறாது கல்யாணி. டூ வீல் டிரைவ். இந்த மேட்டுல சான்ஸே இல்ல.”

“பெல்ட்டைப் போடுங்க.”

வளைத்துத் திருப்பி, மேட்டைப் பார்த்து வண்டியை விட்டாள். பாதி வழியில் சக்கரம் ஒருமுறை வழுக்கியது. நான் “மிதி, மிதி!” என்று கத்தினேன். அவள் மிதிக்கவில்லை. காலைச் சற்றே தளர்த்தினாள். சக்கரம் பிடித்துக்கொண்டது. கார் பேசாமல் ஏறி, செந்தில் வீட்டு வாசலில் நின்றது. மணி பதினொன்று நாற்பத்தெட்டு.

டின்னைத் திறக்கும்போது எல்லோரும் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். செந்திலின் போனில் மதுரையிலிருந்து யாமினியின் அம்மா, “உடைஞ்சிருந்தா பரவாயில்ல ராசாத்தி, நல்லதாப் பார்த்துப் பொறுக்கிப் போட்டுக்க,” என்று மகளைத் தேற்றிக்கொண்டிருந்தார். கல்யாணி ஒவ்வொரு துணியாகப் பிரித்தாள். சிவப்பு, பச்சை, மஞ்சள். ஏழு டஜனில் ஒன்றுகூட உடையவில்லை. யாமினி சிரித்துக்கொண்டே அழுதாள்.

“முதல் வளையலை யார் போடறது?” என்று ஒருவர் கேட்டார். போனிலிருந்து பதில் வந்தது: “என் இடத்துல இருந்து கொண்டுவந்து சேர்த்த பொண்ணு போடட்டும்.”

கல்யாணி தன் உடையைப் பார்த்தாள். “அம்மா, நான் டியூட்டி டிரெஸ்ல இருக்கேன். புடவை...” என்று இழுத்து என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். நிலாதான் உண்மையைச் சொன்னாள்: “இட்ஸ் இன் த தயிர்சாதம்.”

ஆக, பட்டுப்புடவைகளுக்கு நடுவே ஆஸ்பத்திரி நீலச் சட்டையில், நெற்றியில் யாரோ வைத்துவிட்ட குங்குமத்தோடு, என் மனைவி அந்தப் பெண்ணுக்கு முதல் வளையலைப் போட்டாள். பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. செந்தில் போட்டோ எடுத்தான்.

அந்தப் போட்டோ இன்று செந்தில் வீட்டு ஹாலில் பெரிதாக மாட்டியிருக்கிறது. கல்யாணியும் யாமினியும் முகம் முழுக்கச் சிரிப்போடு இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் ஜன்னல் வழியே, எதிர்வீட்டு அமெரிக்கத் தாத்தா தன் துருப்பிடித்த டிரக்கில் என் புத்தம்புதுக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு மேடேறுவது துல்லியமாகத் தெரியும். (அந்த டிரக்கும் டூ வீல் டிரைவ்தானாம். சக்கரத்தில் சங்கிலி சுற்றியிருந்தார். நான் கேட்டிருக்கவே கூடாது.) அன்று வயிற்றில் இருந்த குழந்தைக்கு இப்போது நாலு வயது. வீட்டுக்கு வரும் எல்லோரையும் அந்தப் போட்டோ முன்னால் நிறுத்தி, “இது அத்தை. அது மாமா கார்,” என்று அறிமுகம் செய்துவைக்கிறாள்.

போன மாதம் யாமினிக்கு இரண்டாவது வளைகாப்பு. இந்த முறையும் அவள் அம்மாவுக்கு விசா இல்லை, மறுபடியும் எங்கள் வீட்டுக்கு ஒரு பிஸ்கட் டின். முதல் நாளே நான் யாமினிக்கு போன் செய்தேன்.

“யாமினி, இப்போ என் வண்டியிலயும் விண்டர் டயர் போட்டாச்சு. நாலுமே புதுசு.”

“தெரியும்ணே. அக்கா சொன்னாங்க.”

“கியரைக் குறைச்சு இறங்கவும் உங்க அக்கா கத்துக்கொடுத்துட்டா.”

“ரொம்ப சந்தோஷம்ணே,” என்றாள் யாமினி. “வளையல் அக்கா வண்டியிலேயே வரட்டும்.”

நானும் அந்த வண்டியில்தான் போனேன். பின் சீட்டில், மடியில் டின்னோடு.