பினாங்கு மணி அஞ்சு

“ரோகிணியா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க சோசியரே!” சண்முகவேல் பாயைவிட்டு எழுந்தே விட்டான்.

பினாங்கில் வேலை பார்க்கும் சுந்தரபாண்டியிடமிருந்து ஆனைக்குட்டத்துக்குத் தந்தி வந்திருந்தது. ஆண் குழந்தை; செவ்வாய் காலை ஐந்து மணி. அவன் அப்பா கண்ணுச்சாமி ஊருக்கெல்லாம் கருப்பட்டி மிட்டாய் கொடுத்த கையோடு, சோசியர் இராமகிருஷ்ணனைக் கூட்டிவந்து ஜாதகம் கணிக்க உட்கார்த்தினார். பிள்ளை பெற்ற செல்லத்தாயின் அண்ணன்தான் சண்முகவேல்.

“ரோகிணியேதான். தாய்மாமனுக்கு ஆகாது,” என்றார் சோசியர்.

“சிவகாசியில வெடிமருந்துக்குள்ளயே கெடக்கேன். அதுவே என்னை ஒண்ணும் செய்யலே. தொட்டில்ல கெடக்கிற பய செஞ்சிருவானா?”

சொன்னானே தவிர, மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. தீபாவளி சீசன், கம்பெனியிலிருந்து ஆளே தேடி வந்துவிட்டது.

வழி கண்டுபிடித்தவர் பக்கத்து வீட்டுச் சத்தியநாதன் வாத்தியார்.

“பினாங்குக் கடியாரம் நமக்கு ரெண்டு மணி முந்தி ஓடும். அங்கன அஞ்சுன்னா இங்கன மூணுதான். கழிச்சுப் பாருங்க.”

சோசியர் கழித்தார். நட்சத்திரம் கார்த்திகைக்குப் போனது. சண்முகவேல் வாத்தியாரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

“ஆனா லக்கினமும் சேந்து மாறுதே,” என்று சோசியர் இழுத்தார். “இது தாத்தாவுக்கு ஆகாது.”

கண்ணுச்சாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்தார். “என் மகன் விவரமானவன். நம்ம மணிக்கு மாத்தித்தான் தந்தி குடுத்திருப்பான். கழிக்கப்படாது!”

“கழிக்கத்தான் செய்யணும் மாமா!”

“அப்ப நான் போயிட்டாப் பரவாயில்லையாக்கும், மாப்ளே?”

“உங்களுக்குத்தான் அறுவது தாண்டிருச்சுல்ல…”

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

வாத்தியாருக்கு மனசு கேட்கவில்லை. “மூணும் வேண்டாம், அஞ்சும் வேண்டாம். நாலுன்னு வச்சுக்கிட்டா என்ன?”

சோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தார். “நாலு, ரெண்டு நட்சத்திரமும் கூடுற நேரம். ரெண்டு பேருக்குமே ஆகாது.”

ஆபத்து பொதுவானதும் உறவு ஒட்டிக்கொண்டது. மாமாவும் மாப்பிள்ளையும் ஒரே சைக்கிளில் சிவகாசி போய்த் தந்தி அடித்தார்கள்: ‘அஞ்சு மணி எந்த மணி?’

பதில் வந்தது: ‘காலை மணிதான்.’

அந்த மாதக் கடைசியில் வாத்தியார் மகள் ஜெயசீலி கப்பலில் வந்து இறங்கினாள். பினாங்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ். செல்லத்தாயின் பிரசவம் பார்த்ததே அவள்தான். குழந்தையின் போட்டோ கொண்டுவந்திருந்தாள்.

கண்ணுச்சாமி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “மூக்கு எங்க மூக்கு.”

“காது எங்க காது,” என்றான் சண்முகவேல். “ஆகாட்டிப் போகுது மாமா. பய நல்லா இருந்தாச் சரி.”

“ஆமா மாப்ளே. எனக்கும் அம்புட்டுத்தான்.”

ஆனாலும் ஆசை விடவில்லை. கண்ணுச்சாமி மெல்லக் கேட்டார். “ஏம்மா, பக்கத்துலயே இருந்தவ நீ. அந்த அஞ்சு மணி நம்ம மணியா, பினாங்கு மணியா?”

ஜெயசீலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“பிள்ளை அழுத சத்தம் கேட்டதுமே வார்டு வாசல்ல ஒருத்தரு மயங்கி விழுந்துட்டாக. நாந்தான் தண்ணி தெளிச்சேன், ரொம்ப நேரம் முழிக்கவே இல்லே. முழிச்சதும் மணி கேட்டாக, அஞ்சுன்னேன். அஞ்சு மணிக்குக் கண்ணு முழிச்சது உங்க பேரன் இல்லீகய்யா, உங்க மகன்!”